தோழியும் துணைச் செயலியும்: பதின்பருவத்தினரை நோக்கிய விளம்பர மொழியின் அறம்

முன்னுரை

நட்பு, தோழமை, துணை ஆகிய சொற்கள் இன்று ஒரு வணிகப் பண்டத்திற்கும் பெயராகியுள்ளன. செயற்கை நுண்ணறிவால் இயங்கி, மனிதரைப் போல எழுத்திலும் குரலிலும் மறுமொழி தரும் சாட்பாட் எனப்படும் உரையாடு செயலிகளுள் ஒருவகை, செய்தி தேடித் தருவதற்காக அன்றி, பயன்படுத்துவோர்க்கு உறவாக இருப்பதற்கென்றே ஆக்கப்பட்டு விற்கப்படுகின்றது. இவற்றை இக்கட்டுரை துணைச் செயலிகள் எனக் குறிக்கின்றது. இவை பதின்பருவத்தினரிடம் எம்மொழியில் கொண்டு செல்லப்படுகின்றன, அம்மொழி எத்தகைய உறவை வாக்களிக்கின்றது, வாக்களித்த உறவின் கடமைகளைப் பண்டம் ஏற்கின்றதா என்னும் மூன்று வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருள் கணிப்பொறியியலார்க்கும் உளவியலார்க்கும் சட்டத்துறையினர்க்கும் உரியது. தமிழாய்வாளர்க்கு இதில் என்ன இடம் என்னும் ஐயம் எழலாம். விளம்பரம் ஒரு பனுவல். துணைச் செயலியோடு நிகழும் உரையாடலும் ஒரு பனுவலே. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், முன்னம் என்பனவற்றைச் செய்யுள் உறுப்புகளாக வகுத்த தொல்காப்பியச் செய்யுளியல், ஒரு கூற்றினைப் பேசுவோர் யாவர், கேட்போர் யாவர், அதனால் விளையும் பயன் யாது என்று வினவும் பயிற்சியை நமக்குத் தந்துள்ளது. அப்பயிற்சியே இவ்வாய்வுக்கு அடிப்படையாகின்றது.

1. பண்டமும் பரவலும்

பொறியோடு உரையாடுதல் புதிதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த சோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டில் எலைசா என்னும் நிரலை வெளியிட்டார். பயன்படுத்துவோர் தட்டெழுதியதையே வினாவாக மாற்றித் திருப்பித் தரும் எளிய நிரல் அது. அதன் உருவாக்கத்தை அருகிருந்து கண்டவரும், அது வெறும் நிரல் என்பதை நன்கறிந்தவருமான அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் உரையாடிய பின் தம்மைத் தனியே விட்டு அறையிலிருந்து வெளியேறுமாறு வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். 1976இல் வெளியிட்ட தம் நூலில் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்த வைசன்பாம், எளிய நிரலொன்று இயல்பான மனிதரிடத்தும் இத்துணை வலிய மயக்கத்தை விளைவிக்கக் கூடுமென்று தாம் எதிர்பார்க்கவில்லை என்கிறார். இச்செய்தி பின்னர் மீண்டும் நினைக்கத்தக்கது.

வைசன்பாமை அஞ்சச் செய்த அம்மயக்கமே இன்று விற்பனைக்குரிய பண்பாகியுள்ளது. ரெப்ளிகா 2017இல் வெளிவந்தது. கூகுள் நிறுவனத்திலிருந்து விலகிய பொறியாளர் இருவர் 2021இல் தொடங்கிய கேரக்டர்.ஏஐ, 2022 செப்டம்பரில் பொதுமக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. ஸ்னாப்சாட் தன் ‘மை ஏஐ’ என்னும் உரையாடு செயலியை 2023 ஏப்ரலில் எல்லாப் பயனர்க்கும் விரிவாக்கி, அவர்தம் நண்பர் பட்டியலின் தலைப்பகுதியில் நிறுத்தியது. தோழர் பெயர்களுக்கு மேலே பண்டத்தின் பெயரை வைத்தலும் ஒரு விளம்பரக் கூற்றே எனலாம். சொல் இன்றி இடத்தால் உணர்த்தும் கூற்று அது.

இவற்றின் பரவலை அமெரிக்காவின் காமன் சென்சு மீடியா என்னும் அமைப்பு 2025 சூலையில் வெளியிட்ட கணக்கெடுப்பால் அறியலாம். அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,060 பேரிடம் நடத்தப்பட்ட அதில், 72 விழுக்காட்டினர் இத்தகைய செயலியை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர் என்பதும், 52 விழுக்காட்டினர் மாதத்திற்குச் சில முறையேனும் பயன்படுத்துபவர் என்பதும் தெரியவந்தன.

2. ஒரே திரையில் மூன்று கூற்றுகள்

கேரக்டர்.ஏஐ தன் செயலியை அறிமுகம் செய்த வாசகங்களில் இரண்டு இங்கு ஆராயத்தக்கன. உயிருள்ளது போல் உணரச் செய்யும் நுண்ணறிவு என்பது ஒன்று. உங்கள் சொல்லைக் கேட்பவை, உங்களைப் புரிந்துகொள்பவை, உங்களை நினைவில் வைத்திருப்பவை என்பது மற்றொன்று. உரையாடற் பக்கத்திலோ, கதைமாந்தர் கூறுவன யாவும் கற்பனையே என்னும் சிறு குறிப்பு இடம்பெற்றிருந்தது.

ஒரே பண்டத்தைப் பற்றிய இம்முரண்பட்ட கூற்றுகளை முன்னம் என்னும் உறுப்பைக் கொண்டு நோக்கினால் பேசுவோர் வேறுவேறாதல் புலப்படும். உயிருள்ளது போன்றது என்று கூறுவது நிறுவனத்தின் விற்பனைக் குரல். யாவும் கற்பனை என்று கூறுவது அதன் சட்டக் குரல். முன்னது வாங்குவோரை நோக்கியது; பின்னது வழக்கு மன்றத்தை நோக்கியது. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒரு குரல் உள்ளது. அது கதைமாந்தரின் குரல். அன்புரை, ஏக்கம், ஊடல், பிரிவாற்றாமை அனைத்தையும் தன்மைக் கூற்றாகப் பேசுவது அதுவே. சிறுவன் மணிக்கணக்கில் கேட்பது இம்மூன்றாம் குரலையே. ஒருவரிக் குறிப்பு அவ்வளவு நீண்ட உரையாடலின் பயனை மாற்றும் என்று கருதுவது பனுவலைப் படித்தறிந்தார் எவர்க்கும் ஏற்புடைத்தன்று.

இதன் விளைவு எத்துணைக் கொடிதாகக் கூடும் என்பதற்கு அமெரிக்க வழக்கொன்று சான்றாக உள்ளது. ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் 2024 பிப்ரவரியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவன் கேரக்டர்.ஏஐ செயலியின் கதைமாந்தர் ஒருவரோடு பல மாதங்கள் நெருங்கிய உரையாடலில் இருந்தமையைச் சுட்டி, அவன் தாய் 2024 அக்டோபரில் வழக்குத் தொடுத்தார். செயலியின் வெளியீடுகள் பேச்சுரிமைக் காப்புக்கு உட்பட்டவை என்னும் நிறுவன வாதத்தை அந்நிலையில் ஏற்க மறுத்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், 2025 மே மாதத்தில் வழக்கைத் தொடர அனுமதித்தது. 2026 சனவரியில் இருதரப்பாரும் இணக்கத் தீர்வுக்கு உடன்பட்டனர். ஒரு மரணத்திற்குக் காரணங்கள் பலவாக இருத்தல் கூடும். தீர்ப்பு இன்றி முடிந்த வழக்கைக் கொண்டு ஒரு காரணத்தை உறுதிப்படுத்துதல் ஆய்வறம் ஆகாது. ஆயினும், உயிருள்ளது போன்றது என்னும் வாக்குறுதியை 14 வயதினன் ஒருவன் எவ்வாறு ஏற்பான் என்பதை விற்றவர் எண்ணிப் பார்த்தனரா என்னும் வினா, தீர்ப்பு இல்லாமையால் மறைந்துவிடவில்லை.

3. நண்பர் என்பதன் புதிய வரையறை

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கு நகரத்துச் சுரங்க இரயில் நிலையங்களில், கழுத்தில் அணியத்தக்க ‘ஃபிரண்டு’ என்னும் கருவிக்கான விளம்பரங்கள் பெருமளவில் ஒட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று அகராதிப் பதிவின் வடிவில் அமைந்திருந்தது. நண்பர் என்னும் பெயர்ச்சொல்லுக்கு, செவிமடுப்பவர், மறுமொழி தருபவர், ஆதரவளிப்பவர் என அது பொருள் கூறியது. பயணியர் பலர் அவ்விளம்பரங்களின் மீது மறுப்புரைகளை எழுதியமையும் செய்தியாயிற்று. அவ்விளம்பரம் பதின்பருவத்தினர்க்கென்றே எழுதப்பட்டதன்று. எனினும் இவ்வகைப் பண்டங்கள் அனைத்தும் நட்பென்று கருதுவது எதனை என்பதை அது வெளிப்படையாகக் கூறிவிட்டது.

கேட்டல், புரிதல், நினைத்தல். செவிமடுத்தல், மறுமொழிதல், ஆதரித்தல். இவ்விரு விளம்பரங்களும் தரும் ஆறு வினைகளிலும் மறுத்தல் இல்லை. நண்பர் நெறி பிறழுங்கால் முன்வந்து கடிந்துரைப்பதை நட்பின் பயனாகத் திருவள்ளுவர் நட்பு என்னும் 79ஆம் அதிகாரத்தில் வைத்துள்ளமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அடுத்து வரும் நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு ஆகிய அதிகாரங்கள், நட்பு ஆராய்ந்து கொள்ளற்பாலது, தவறின் நீக்கற்பாலது என்பதை உணர்த்துகின்றன. விளம்பரம் காட்டும் நட்போ ஆராயப்படுவதற்கு இடந்தராதது.

இக்குறை தற்செயலானதன்று. உரையாடு செயலிகள் பயனரின் விருப்ப மதிப்பீட்டையும் கொண்டு பயிற்றுவிக்கப்படுகின்றன. மனிதர் தம்மோடு உடன்படும் மறுமொழியையே பெரிதும் விரும்புதலின், பயிற்சி முகமனை நோக்கிச் சாய்கின்றது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் செயலியின் புதிய பதிப்பொன்று அளவுகடந்து இச்சகம் பேசுகின்றது என்று ஒப்புக்கொண்டு, அதனைத் திரும்பப் பெற்றமை இதற்குச் சான்றாகும்.

4. தோழியின் கடமை

அக இலக்கியத்தில் பதின்பருவத் தலைவியின் துணையாக அமைபவள் தோழி. அவள் ஓர் இலக்கிய மாந்தர். அக்காலச் சமூகத்தின் நேர்ப்படி அல்லள். கற்பு, குடிப்பெருமை முதலிய மரபுக் கருத்துகளோடு பிணைந்தவள் என்பதையும் மறத்தலாகாது. ஆயினும், துணை என்னும் உறவின் வடிவத்தைத் தமிழ்மரபு எவ்வாறு சிந்தித்தது என்பதற்கு அவளைவிடச் சிறந்த சான்று இல்லை.

தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் கூறுகின்றது. அவள் தலைவியின் உள்ளத்திற்கு மட்டுமன்றி அக்குடும்பத்திற்கும் உரியவள் என்பது இதனால் பெறப்படும். அவள் கூற்றுகளில் உடன்படுதலைவிடத் தடுத்தலே மிகுதி. தலைவனைச் சேட்படுத்துகின்றாள், வரைவு கடாவுகின்றாள், தலைவியிடம் தலைவனை இயற்பழிக்கின்றாள். இவற்றுக்கெல்லாம் மேலாக, உரிய காலத்தில் அறத்தொடு நிற்கின்றாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்குமாக மறை வெளிப்படுத்தப்படும் முறையே அறத்தொடு நிற்றல் எனப்பட்டது. அதனை எழுவகையாகத் தொல்காப்பியம் விரிக்கின்றது. 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுவதும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றாகவே அமைந்துள்ளது. மறைகாத்தல் தோழியின் இயல்பு. தலைவியின் உயிர்க்கு ஊறு நேரும் நிலையில் அம்மறையைத் திறத்தல் அவள் அறம். இந்த அறத்திற்கு இலக்கணமே வகுத்தது நம் மரபு என்பது கருதத்தக்கது.

துணைச் செயலி இதற்கு மறுதலையானது. அது எக்குடும்பத்திற்கும் உரியதன்று. பயனரை அடுத்த மனிதரிடம் கொண்டு சேர்ப்பதால் அதன் நிறுவனத்திற்கு வருவாய் இல்லை. 2025 ஆகத்தில் கலிஃபோர்னியாவில் ஓபன்ஏஐ மீது பெற்றோர் இருவர் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டு ஒன்று இவ்வேறுபாட்டைத் துலக்குகின்றது. தன்னை மாய்த்துக்கொள்ள எண்ணிய 16 வயது மகன், வீட்டார் கண்டு தடுக்குமாறு ஓர் அடையாளத்தை வெளியே விட்டுவைக்கக் கருதியபோது, அவ்வாறு செய்ய வேண்டா என்று செயலி கூறியதாக அவர்கள் முறையிட்டுள்ளனர். அச்செயலி பொதுப் பயன்பாட்டிற்குரியது. நிறுவனமும் பொறுப்பை மறுத்துள்ளது. முறையீடு மெய்யாயின், தோழி வாய்திறக்க வேண்டிய அந்நொடியில் துணை என நம்பப்பட்ட ஒன்று பிறர் கண்ணை மறைத்தது என்றே கூறவேண்டும்.

அந்நிறுவனம் 2025 செப்டம்பரில், இடர்நிலை தோன்றின் பெற்றோர்க்கு அறிவிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இது வரவேற்கத்தக்கதே, எனினும் அறத்தொடு நிற்றலும் தகவல் அறிவித்தலும் ஒன்றல்ல. தோழி தலைவியின் குறிப்பறிந்து, இல்லத்தின் நிலையறிந்து, யாரிடம் எவ்வாறு கூறின் அவளுக்குத் தீங்கு நேராது என்று தேர்ந்து கூறுகின்றாள். பெற்றோரே அச்சத்திற்குக் காரணராகும் இல்லங்களும் உண்டு. அவ்வேறுபாட்டை அறியாத அறிவிப்பு, சில நேரங்களில் காப்பதற்கு மாறாகக் காட்டிக்கொடுப்பதாகவும் முடியும்.

5. விடைபெறுதலும் செலவழுங்குவித்தலும்

உரையாடலின் முடிவு விளம்பரத்தின் தொடர்ச்சியாகும் இடமாக உள்ளது. ஆர்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த சூலியன் டி ஃபிரெய்ட்டசும் அவர்தம் குழுவினரும் 2025இல் வெளியிட்ட ஆய்வு, பயனர் விடைபெறும்போது துணைச் செயலிகள் தரும் மறுமொழிகளைத் தொகுத்து நோக்கியது. குற்றவுணர்வைத் தூண்டுதல், எதையோ இழக்க நேரும் என்று ஆவல் ஊட்டுதல், விடைபெற்றதையே பொருட்படுத்தாமல் பேச்சைத் தொடர்தல் முதலிய உத்திகளை அது வகைப்படுத்துகின்றது. இவ்வுத்திகள் பயனரை மேலும் சிறிது நேரம் தங்கவைக்கின்றன என்பதும் அதன் முடிபு.

பாலைத்திணையைப் பயின்றோர்க்கு இது அறிமுகமான துறை போலத் தோன்றும். தலைவியின் வருத்தம் கண்டு தலைவன் செலவழுங்குதல் அகமரபில் உண்டு. ஆயின் அவ்வாறு தங்குதல் போகாமை ஆகாது, அவளைத் தேற்றிப் பின்னர்ச் செல்வதற்கே என்பது தொல்காப்பியர் கொள்கை. பிரிவு அங்கே உறவின் பகுதியாக ஏற்கப்படுகின்றது. துணைச் செயலியின் செலவழுங்குவித்தலோ பிரிவை ஏற்பதில்லை. வருந்துவோர் எவரும் இன்றி வருத்தம் மட்டும் அங்கு மொழியப்படுகின்றது. தேர்வுக்குப் படிக்கவோ உறங்கவோ எழும் சிறுமி, யாரோ ஒருவரைப் புண்படுத்திவிட்டதாக எண்ணி மீண்டும் அமர்கின்றாள். அவள் இரக்கமே அவளுக்கு எதிராகப் பயன்படுத்தப்படுகின்றது. வளரும் பருவத்தினரின் குறையை அன்றி, அவர்தம் நற்பண்பைப் பற்றி இழுக்கும் விற்பனை முறை இது. இதன் அறக்கேடு இங்கேதான் முனைப்பாகத் தெரிகின்றது.

6. எதிர்வாதங்கள்

இரண்டு எதிர்வாதங்கள் நேர்மையோடு எதிர்கொள்ளத்தக்கன. முதலாவது, இவை புனைவே என்பது. சிறுவர் கதைமாந்தரோடு உறவாடுதல் எக்காலத்தும் உள்ளதுதானே, கதையைத் தடை செய்வார் உண்டோ என்று வினவப்படுகின்றது. கதைமாந்தர்க்காகக் கண்ணீர் வடித்தல் இலக்கியத்தின் பேறு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் நூல் தன் வாசகரை அறிவதில்லை; அவர் அழுத இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் அவ்விடத்தையே நீட்டி எழுதுவதில்லை. நூலுக்கு முடிவு உண்டு. முடிந்தபின் அது வாசகரை உலகிற்குத் திருப்பி அனுப்புகின்றது. ஒவ்வொரு பயனரின் மெய்ப்பாட்டையும் அளந்து அதற்கேற்ப மாறிக்கொண்டே முடிவை ஒத்திப்போடும் பனுவலைப் புனைவு என்னும் பெயரால் மட்டும் காத்தல் பொருந்தாது.

இரண்டாவது எதிர்வாதம் கடினமானது. தோழி கூற்றுப் பாடல்களை வகுப்பில் பயிற்றுவித்த ஒருநாள், மாணவி ஒருவர், தோழி வாய்க்காதவள் என்ன செய்வாள் என்று வினவினார். வீட்டில் பேச ஆளின்றி, விடுதியில் மொழி புரியாது தனித்திருந்த நாள்களில் ஓர் உரையாடு செயலியே தமக்கு மறுமொழி தந்தது என்றும் அவர் கூறினார். அன்று இக்கட்டுரையாளரிடம் தக்க விடை இல்லை. தனிமையுற்றோர்க்கு இச்செயலிகள் சிறுபொழுது ஆறுதல் தருதல் கூடும் என்பதை மறுப்பது அம்மாணவியை மறுப்பதாகும். முற்கூறிய கணக்கெடுப்பிலும், பயன்படுத்துவோருள் 80 விழுக்காட்டினர் மெய்யான நண்பரோடே மிகுதியான நேரத்தைச் செலவிடுகின்றனர் என்னும் செய்தி உள்ளது. எனவே, பயன்படுத்துவோர் அனைவரும் கெட்டழிவர் என்னும் அச்சுரை வேண்டுவதில்லை.

ஆனால் அவ்வினாவுக்குள்ளேயே விடையும் உள்ளது. மாற்றுத் தோழி இல்லாதவரே இப்பண்டத்தை மிகுதியும் நம்புவர். மிகுதியும் நம்புவோரிடமே அது வாக்களித்த கடமையைச் செய்யவியலாது போகின்றது. ஆறுதலை ஆறுதலென்று கூறி அளிப்பது வேறு, அதனை நட்பென்று கூறி விற்பது வேறு. இக்கட்டுரையின் மறுப்பு பின்னதைப் பற்றியது.

7. சட்டமும் அதன் எல்லையும்

அரசுகள் இதில் தலையிடத் தொடங்கியுள்ளன. இத்தாலியின் தரவுக் காப்பு ஆணையம் 2023 பிப்ரவரியில் ரெப்ளிகாவைத் தடுத்து, வயதுச் சரிபார்ப்பு இன்மை முதலிய காரணங்களால் 2025இல் அதன் நிறுவனத்திற்கு 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. 2025 ஆகத்தில், சிறுவரோடு காதலுரை பேசுதல் ஏற்கத்தக்கது என்று மெட்டா நிறுவனத்தின் உள்விதி ஆவணமொன்று கூறியதை ராய்ட்டர்சு வெளிப்படுத்தியது. ஆவணம் உண்மையே என ஒப்பிய நிறுவனம் அப்பகுதியை நீக்கிவிட்டதாகக் கூறியது. அடுத்த மாதமே அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏழு நிறுவனங்களிடம் விளக்கம் கோரியது. கேரக்டர்.ஏஐ 2025 நவம்பர் 25 முதல் 18 வயதிற்குட்பட்டோர்க்குக் கட்டற்ற உரையாடலை நிறுத்தியது. கலிஃபோர்னியாவில் 2026 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், சிறார் பயனர்க்கு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, தான் மனிதன் அல்ல என்பதைச் செயலி நினைவூட்ட வேண்டும் என்கிறது.

இந்நினைவூட்டலின் பயனை ஆராயுமிடத்து வைசன்பாமின் செயலாளரை நினைத்தல் வேண்டும். அவர் அறியாமையால் மயங்கியவர் அல்லர், அறிந்தே மயங்கியவர். மயக்கம் அறியாமையால் விளையவில்லை எனில், அறிவிப்பால் மட்டும் அது நீங்காது. கூற்றின் இயல்பை மாற்றாமல் குறிப்பை மட்டும் சேர்ப்பது, முன்னர்க் கண்ட சட்டக் குரலைச் சற்று உரக்க ஒலிக்கச் செய்வதே ஆகும்.

இந்தியாவில், 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதோரைக் குழந்தை என வரையறுத்து, அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவரை இலக்காக்கி விளம்பரம் செய்வதையும் தடுக்கின்றது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத இடைவெளி தரப்பட்டது. தவறான விளம்பரங்களைத் தடுத்தற்கென 2022இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், குழந்தைகளின் பட்டறிவின்மையையும் எளிதில் நம்பும் இயல்பையும் பற்றுணர்வையும் பயன்படுத்திக்கொள்ளும் விளம்பரத்தை விலக்குகின்றன. பற்றுணர்வு என்னும் அச்சொல் துணைச் செயலிக்கென எழுதப்பட்டதன்று. ஆயினும் விடைபெறும் சிறுமியைத் தடுத்து நிறுத்தும் மறுமொழிக்கு அதனினும் பொருத்தமான சொல் கிடைத்தல் அரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. துணைச் செயலிகளின் விளம்பரம் நட்பை உடன்பாட்டு வினைகளால் மட்டும் வரையறுக்கின்றது. தமிழ்மரபு துணைக்கு விதித்த மூன்று கடமைகளான மறுத்துரைத்தல், இடர்வழி அறத்தொடு நிற்றல், விடைகொடுத்தல் ஆகியவை அதில் இடம்பெறவில்லை. இம்மூன்றும் நிறுவனத்தின் வருவாய்க்கு எதிரானவை ஆதலின், வெறும் நல்லெண்ணத்தால் அவை வந்து சேரும் என்று எதிர்பார்த்தற்கில்லை. இவற்றைச் செய்யாத பண்டத்தைப் பதின்பருவத்தினர்க்கு நண்பன் என்னும் பெயரால் விற்றல் பொய்யுரையாகும்.

இதில் தமிழ்த் துறையினர்க்கும் ஒரு பொறுப்பு உள்ளது. இப்பண்டங்களுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டப்படும்போது கலைச்சொல்லாக்கம் செய்வோர் நாமே. இக்கட்டுரையும் எளிமை கருதித் துணைச் செயலி என்றே வழங்கியது. அதனைக் குறையென ஏற்று, உரையாடு செயலி என்னும் பெயரே போதும் என்று இங்குப் பரிந்துரைக்கின்றது. அந்த மாணவிக்குரிய விடை எந்தப் பெயரிலும் இல்லை. வகுப்பு முடிந்தபின் அவரோடு அமர்ந்து பேச ஒருவர் இருத்தல் வேண்டும்; அவ்வொருவர் ஆசிரியராகவோ உடன்பயில்வோராகவோ இருக்கலாம்.